எக்ஸோசோம் என்னும் துண்டு: பெருங்குடற் புற்றுநோயில் அதன் வேலையைப் படிப்படியாக அறிந்துகொள்ள ஒரு வழிகாட்டி

மலையகத்தில் துண்டு என்றால் என்னவென்று யாருக்கும் விளக்கத் தேவையில்லை. தோட்ட டிஸ்பென்சரியிலிருந்து பெரிய வைத்தியசாலைக்குப் போவதென்றாலும், ஸ்டோரிலிருந்து ஒரு சாமானை எடுத்து வருவதென்றாலும், யாரோ ஒருவர் சிறு தாளில் நாலு எழுத்து எழுதிக் கொடுப்பதே துண்டு. தாள் உள்ளங்கையளவுதான், ஆனால் அதைக் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் வேலை நடக்கும். நம்முடைய உடற்கலங்களும் ஒன்றுக்கொன்று இப்படித் துண்டு அனுப்பிக்கொள்கின்றன. கண்ணுக்கோ சாதாரண நுணுக்குக்காட்டிக்கோ தெரியாத, மென்சவ்வால் சூழப்பட்ட அந்தச் சிறு புடகங்களில் ஒரு வகைக்குத்தான் எக்ஸோசோம் என்று பெயர். புற்றுநோய்க் கலமும் துண்டு அனுப்புகிறது என்பதும், அதை வாங்கிக்கொள்ளும் கலம் யார் அனுப்பினார்கள் என்று கேளாமலே வேலையைத் தொடங்கிவிடுகிறது என்பதும்தான் இந்த வழிகாட்டியின் விஷயம்.

இதை எழுத நேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஹட்டனுக்கு அப்பால் ஒரு தோட்டத்தில் முப்பது வருடங்கள் கவ்வாத்து வெட்டிய என் சித்தப்பாவுக்கு, வெளிக்குப் போகும்போது எட்டு மாதங்களாக இரத்தம் வந்திருக்கிறது. "மூலச்சூடுடா தம்பி, வெயில்ல நின்னா வரத்தான் செய்யும்" என்று அவரே தீர்மானித்துக்கொண்டார்; மருந்துக் கடையில் கொடுத்த களிம்பும் அந்தத் தீர்மானத்தை உறுதிப்படுத்தியது. பிறகு கண்டியில், குடலுக்குள் கமராக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி செய்தபோது, பெருங்குடலின் இடப்பக்கக் கடைசி வளைவில் கட்டி இருந்தது. சத்திரசிகிச்சையும் மருந்தேற்றலும் முடிந்து அவர் நலமாக இருந்த வேளையில், அவருடைய மகனின் தொலைபேசிக்கு ஒரு விளம்பரப் படம் வந்து சேர்ந்தது. புற்றுநோய் மீண்டும் வராமல் தடுக்க எக்ஸோசோம் ஊசி ஏற்றுவதாக அது சொன்னது. "அண்ணே, நீங்க பயோ படிப்பிக்கிறவங்கதானே, இது மெய்தானா?" என்று அவன் கேட்டான். அவனுக்குச் சொல்லத் தொடங்கிய பதில் ஒரு கொப்பியை நிரப்பிவிட்டது. என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எக்ஸோசோம் பற்றிய உயிரியல் உண்மையானது, வியப்பூட்டுவது, ஆனால் அதை வைத்து இன்று விற்கப்படும் சிகிச்சை அந்த உயிரியலின் பெயரை மட்டும் இரவல் வாங்கியிருக்கிறது. இரண்டையும் பிரித்தறியும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதலாம் படி: நோயின் நிலத்தை அறிந்துகொள்ளுங்கள்

பெருங்குடலின் உட்சுவர்க் கலங்கள் சில நாட்களுக்கொருமுறை உதிர்ந்து, புதியவை பிறக்கும் இயல்புடையவை. இந்த இடைவிடாத பிரிவின்போது சில பரம்பரையலகுகளில் விகாரம் ஏற்பட்டால், சுவரில் பொலிப் எனப்படும் சிறு சதை முளைப்பு தோன்றலாம். எரிக் ஃபியரன், பெர்ட் வோகல்ஸ்டைன் ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் 1990இல் முன்வைத்த படிமத்தின்படி, பெரும்பாலும் முதலில் ஏ.பி.சி. என்னும் பரம்பரையலகும், பின்னர் கே-ராஸும், அதற்கும் பின்னர் டி.பி.53உம் பழுதடைய, பொலிப் படிப்படியாகப் புற்றாக மாறுகிறது. எல்லாப் பொலிப்பும் புற்றாவதில்லை. ஆகின்றவையும் அநேகமாகப் பத்து வருடங்களளவில் எடுத்துக்கொள்கின்றன. அந்த நீண்ட இடைவெளியில் கொலனோஸ்கோபி செய்பவர் கம்பி வளையத்தால் பொலிப்பை அறுத்தெடுத்துவிட்டால், அங்கே புற்று வருவதற்கே இடமில்லாமற் போகிறது. உலக அளவில் 2020இல் ஏறத்தாழ 19 இலட்சம் பேருக்குப் புதிதாகக் கண்டறியப்பட்ட இந்நோய், புற்றுநோய்களுள் எண்ணிக்கையில் மூன்றாவதாகவும் மரணங்களில் இரண்டாவதாகவும் நிற்கிறது.

நம் பக்கத்தில் இது பிந்தித் தெரியவருவதற்கு உடற்கூற்றைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. லயத்துப் பொதுக் கழிவறையில், விளக்கில்லாத விடியற்காலையில், பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நேரமாகிறதென்ற அவசரத்தில் மலத்தின் நிறத்தை யார் பார்க்கிறார்கள்? வலப்பக்கப் பெருங்குடலில் வரும் கட்டி இன்னும் கள்ளமானது. இரத்தம் கண்ணுக்குத் தெரியாமலே கசிந்து, ஆள் வெளுத்துப் போவார், மேட்டில் ஏற மூச்சு வாங்கும். "ரத்தம் கம்மி" என்று இரும்புச்சத்துக் குளிசை எழுதிக் கொடுப்பதோடு விஷயம் முடிந்துவிடும். ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ இரும்புக்குறைபாட்டுக் குருதிச்சோகை இருந்தால், குளிசையுடன் குடலையும் பரிசோதிக்க வேண்டும் என்பது மருத்துவத்தின் நிலையான விதி.

இன்னொரு செய்தியையும் இங்கேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் படியில் அது தேவைப்படும். பெருங்குடலிலிருந்து திரும்பும் குருதி நேரே இதயத்துக்குப் போவதில்லை. ஈரல் வாயினாளத்தின் வழியே முதலில் ஈரலுக்குள் நுழைந்து, அங்கே வடிகட்டப்பட்ட பிறகே மேலே செல்கிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதிக் குருதிக்கு மட்டும் ஈரலைத் தொடாத வேறு பாதை உண்டு.

இரண்டாம் படி: எக்ஸோசோம் எப்படி உருவாகிறது என்று பாருங்கள்

1983இல் இரண்டு ஆய்வுகூடங்கள், ஒன்று கனடாவின் மொன்றியலிலுள்ள மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரோஸ் ஜோன்ஸ்டனுடையது, மற்றது அமெரிக்காவின் சென் லூயிஸில் இருந்தது, ஏறத்தாழ ஒரே காலத்தில் ஒரே காட்சியைக் கண்டன. முதிராத செங்குழியம் முதிரும்போது, இரும்பை உள்ளிழுக்கப் பயன்பட்ட வாங்கிப் புரதம் இனி அதற்குத் தேவையில்லை. அதைக் கலம் சிறு புடகங்களில் கட்டி வெளியே தள்ளிவிடுகிறது. ஜோன்ஸ்டன் அவற்றுக்கு எக்ஸோசோம் என்ற பெயரை 1987இல் வழங்கினார். அக்காலத்தில் அதைக் குப்பைக் கூடை என்றே பலரும் எண்ணினார்கள். குப்பை என்று நினைத்ததில் கடிதம் இருந்தது பின்னர்தான் தெரிந்தது: 1996இல் கிராசா ரப்போசோவும் சகாக்களும் பி-வெண்குழியங்கள் வெளிவிடும் எக்ஸோசோம்கள் நோயை எதிர்க்கும் நிர்ப்பீடனக் கலங்களைத் தூண்டக்கூடியவை என்று காட்டினார்கள், 2007இல் சுவீடனின் கோதன்பர்க்கில் ஹாடி வலாடியும் யான் லோட்வாலும் அடங்கிய குழு, எக்ஸோசோம்கள் ஆர்.என்.ஏ.யைச் சுமந்து சென்று, சென்றடைந்த கலத்தில் அது வேலை செய்யவும் கூடும் என்று வெளியிட்டது. இந்தத் துறை அதற்குப் பின்னரே வெள்ளம்போற் பெருகியது.

உருவாகும் முறை இதுதான். கலத்தின் புறமென்சவ்வு உள்நோக்கி மடிந்து ஒரு பை உள்ளே வருகிறது. அதற்கு எண்டோசோம் என்று பெயர். அந்தப் பையின் சுவரே மறுபடி உள்நோக்கி மொட்டுவிட, பைக்குள் பல சிறு பைகள் உண்டாகின்றன. கொழுந்துச் சாக்கு ஒன்றினுள்ளே சிறு சிறு பொட்டலங்கள் கட்டி அடைத்ததுபோல இருக்கும் இதனைப் பல்புடக உடல் என்கிறோம். இந்தச் சாக்குக்கு இரண்டு கதிகள் உண்டு. ஒன்று, கலத்தின் சமிபாட்டுப் புன்னங்கமான இலைசோசோமுக்குப் போய் அழிவது. மற்றது, ராப்27 வகைப் புரதங்களின் உதவியால் கலத்தின் விளிம்புக்கு வந்து, வாய் திறந்து, பொட்டலங்களை வெளியே கொட்டுவது. அப்படிக் கொட்டப்படும் பொட்டலமே எக்ஸோசோம். குறுக்களவு சுமார் 30 முதல் 150 நானோமீற்றர். ஒரு செங்குழியத்தின் அகலத்தில் எழுபது, எண்பது எக்ஸோசோம்களை வரிசையாக வைக்கலாம்.

கலத்தின் விளிம்பிலிருந்து நேரடியாகக் கிள்ளுண்டு பிரியும் வேறு புடகங்களும் உண்டு. வெளியே வந்தபின் எது எந்த வழியாக வந்ததென்று பிரித்தறிவது கடினமாகையால், இத்துறையின் சர்வதேசச் சங்கம் 2018, 2023 என்னும் ஆண்டுகளின் பெயரில் வெளியிட்ட வழிகாட்டல்களில் பிறப்பிடம் நிரூபிக்கப்படாதபோது புறக்கலப் புடகம் என்ற பொதுப்பெயரையே பயன்படுத்துமாறு கேட்டுக்கொண்டது. நான் வாசிப்பின் எளிமைக்காக எக்ஸோசோம் என்றே எழுதுகிறேன். ஆனால் ஒரு விளம்பரம் அச்சொல்லைத் தயக்கமில்லாமல் அள்ளி வீசினால், எழுதியவர் அந்த வழிகாட்டல்களை வாசித்தவரல்லர் என்று கொள்ளலாம்.

மூன்றாம் படி: துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசியுங்கள்

எக்ஸோசோமின் சுவர் இரட்டைக் கொழுப்புப் படலம். அதில் சி.டி.9, சி.டி.63, சி.டி.81 என்னும் புரதங்கள் பதிந்திருக்கும். ஆய்வுகூடங்கள் எக்ஸோசோமை அடையாளம் காண்பது இவற்றைக் கொண்டே. சுவரில் இன்டெக்ரின் என்னும் ஒட்டுப் புரதங்களும் இருப்பதுண்டு. எந்த உறுப்பில் போய் ஒட்டுவதென்பதில் அவற்றுக்குப் பங்கு இருப்பதால், அதை முகவரி எனலாம். உள்ளே புரதங்களும், தூது ஆர்.என்.ஏ.யும், மைக்ரோ ஆர்.என்.ஏ.யும் இருக்கும். மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது இருபத்திரண்டு எழுத்தளவே நீளமுள்ள ஒரு குறிப்பு. ஒரு பரம்பரையலகின் கட்டளை புரதமாக மாறுவதை அது தடுத்துவிடும். இதைக் கண்டறிந்த விக்டர் அம்ப்ரோஸுக்கும் கேரி ருவ்குனுக்கும் 2024ஆம் ஆண்டின் மருத்துவ நொபெல் பரிசு கிடைத்தது. வெறும் ஆர்.என்.ஏ. குருதியில் விடப்பட்டால் நொதியங்கள் அதை விரைவில் சிதைத்துவிடும். எக்ஸோசோமின் சுவருக்குள் இருக்கும்போது, மழைக்காகப் பொலித்தீனில் சுற்றிய தாளைப்போல, நனையாமல் போய்ச் சேர்கிறது.

நான்காம் படி: கட்டியின் அக்கம்பக்கத்தைக் கவனியுங்கள்

கட்டி என்பது புற்றுக் கலங்களின் குவியல் மட்டுமன்று. அதனிடையே இழையங்களைப் பிணைக்கும் நாரை உண்டாக்கும் நாரரும்பர்க் கலங்கள், குருதிக்குழாய்கள், நிர்ப்பீடனக் கலங்கள் எல்லாம் கலந்திருக்கின்றன. எக்ஸோசோம் முதலில் போவது இந்த அயலவரிடந்தான்.

பக்கத்திலுள்ள பெருங்குடற் கலத்திலிருந்து தொடங்குவோம். பெருங்குடற் புற்றுநோயில் ஏறத்தாழ நாற்பது வீதத்தில் கே-ராஸ் விகாரமடைந்திருக்கும். அத்தகைய கலங்களின் எக்ஸோசோம்களில் விகாரமடைந்த கே-ராஸ் புரதமே இருப்பதையும், அவற்றைப் பெற்றுக்கொண்ட, விகாரமற்ற கே-ராஸ் கொண்ட கலங்கள் வேகமாக வளரத் தொடங்குவதையும் அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று 2013இல் காட்டியது. விகாரம் ஒரு கலத்தின் டி.என்.ஏ.யில் இருக்க, அதன் விளைவு அடுத்த கலத்தில் தெரிவது புற்றுநோய் பற்றிய பாடப்புத்தகச் சித்திரத்தையே சற்று அசைக்கிறது.

துண்டு ஒரு வழிப் பாதையில் மட்டும் போவதுமில்லை. கட்டியோடு சேர்ந்து குணம் மாறிவிட்ட நாரரும்பர்க் கலங்கள் தங்கள் எக்ஸோசோம்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ-92ஏ-3பி என்பதை அனுப்பி, புற்றுக் கலங்கள் 5-எஃப்.யூ., ஒக்ஸாலிபிளாட்டின் போன்ற மருந்துகளுக்கு மசியாமல் நிற்க உதவுகின்றன என்று 2019இல் ஒரு சீன ஆய்வு கூறியது. மருந்து ஏன் சிலருக்குப் பிடிக்கிறது, சிலருக்குப் பிடிப்பதில்லை என்ற கேள்விக்கு இது முழு விடையன்று. விடையின் ஒரு துண்டு.

குருதிக்குழாயின் உட்சுவர்க் கலங்கள் நெருக்கமாகத் தைக்கப்பட்டவை. பெருங்குடற் புற்றின் எக்ஸோசோமிலுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ-25-3பி, கே.எல்.எஃப்.2, கே.எல்.எஃப்.4 என்னும் இரு காவற் புரதங்களை அடக்கி, தையலைத் தளர்த்திவிடுகிறது என்பது 2018இல் வெளியான ஆய்வின் முடிவு. தையல் தளர்ந்த குழாயினுள் புற்றுக் கலம் நுழைவதும் வெளியேறுவதும் எளிது.

நிர்ப்பீடனத்தைப் பொறுத்தவரை, பி.டி.-எல்.1 என்னும் புரதத்தைப் புற்றுக் கலங்கள் தம் மேற்பரப்பில் காட்டி, தாக்க வரும் டி-கலங்களைச் சோரச் செய்யும் என்பது முன்பே தெரிந்தது. அதே புரதத்தை எக்ஸோசோமின் சுவரில் பதித்துத் தொலைவுக்கும் அனுப்புகின்றன என்பது புதிது. 2019இல் எலிகளில் செய்த பரிசோதனையொன்றில், பெருங்குடற் புற்றுக் கலங்களில் எக்ஸோசோம் வெளியீட்டுக்கு வேண்டிய பரம்பரையலகை நீக்கியபோது கட்டியின் வளர்ச்சி குன்றியது.

ஐந்தாம் படி: ஈரலுக்குப் போகும் பாதையில் நின்று பாருங்கள்

பெருங்குடற் புற்றுநோயில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் குடலிலுள்ள கட்டியன்று, அது ஈரலில் போட்ட குட்டி. அமெரிக்கக் கணக்குகளில், நோய் குடலோடு நின்ற நிலையில் கண்டறியப்பட்டவர்களில் சுமார் தொண்ணூறு வீதத்தினர் ஐந்து வருடங்களின் பின்னும் உயிர்வாழ, தொலைவு உறுப்புகளுக்குப் பரவிய பின் கண்டறியப்பட்டவர்களில் அது பதினைந்து வீதமளவுக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே ஈரலில் என்ன நடக்கிறது என்பதே இத்துறையின் மையக் கேள்வி.

வாயினாளம் அங்கே கொண்டுபோய்விடுவதால் புற்று ஈரலில் தங்குகிறது என்பது பாதி உண்மை. 1889இலேயே ஆங்கிலேய சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்டீஃபன் பஜெட், விதை எங்கும் விழலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று எழுதினார். நூறாண்டுக்கும் மேலாக மண் ஏற்கனவே ஏற்றதாக இருக்கிறது என்றே அது பொருள்கொள்ளப்பட்டது. விதை வருமுன்னரே மண்ணைப் பண்படுத்த ஆள் அனுப்பப்படுகிறது என்பதுதான் எக்ஸோசோம் ஆய்வு சேர்த்த புதுப் பொருள்.

தோட்டத்தில் வளர்ந்தவருக்கு இது சட்டென்று விளங்கும். கிழட்டுத் தேயிலையைப் பிடுங்கிய மலையில் உடனே புதுக்கன்று வைப்பதில்லை. மானாப் புல்லையோ குவாட்டமாலாப் புல்லையோ நட்டு, ஒன்றரை இரண்டு வருடம் வெட்டி வெட்டி மண்ணிலேயே போட்டு, மண்ணைத் தேற்றிய பிறகே நாற்று மேடையிலிருந்து கன்று மலைக்கு ஏறும். புல்லைப் பார்த்தாலே இங்கே தேயிலை வரப்போகிறதென்று தெரிந்துவிடும். ஈரலில் புல்லின் வேலையை எக்ஸோசோம் செய்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வின்படி, பெருங்குடற் புற்றின் எக்ஸோசோம்கள் ஈரலிலுள்ள, அந்நியப் பொருள்களை விழுங்கும் பெருந்தின்கலங்களுக்குள் புகுந்து, தாம் சுமந்து வந்த மைக்ரோ ஆர்.என்.ஏ-21ஆல் டி.எல்.ஆர்.7 என்னும் உணரியைத் தட்டி, இன்டர்லூகின்-6 என்னும் அழற்சிப் புரதத்தைச் சுரக்கச் செய்கின்றன. அழற்சியுற்ற அந்த மண்ணில், பின்னால் வரும் புற்றுக் கலம் எளிதாக வேர்விடுகிறது. 2020இல் விவரிக்கப்பட்ட மைக்ரோ ஆர்.என்.ஏ-934, பெருந்தின்கலங்களைப் போரிடும் குணத்திலிருந்து பேணி வளர்க்கும் குணத்துக்குத் திருப்பிவிடுகிறது.

முகவரி பற்றியும் ஒரு வார்த்தை. நியூயோர்க்கில் டேவிட் லைடனின் குழு 2015இல் வெளியிட்ட ஆய்வில், ஆல்ஃபா-6 பீட்டா-4 இன்டெக்ரின் பதிந்த எக்ஸோசோம்கள் நுரையீரலையும், ஆல்ஃபா-வி பீட்டா-5 பதிந்தவை ஈரலையும் நாடின. அந்த ஆய்வு பல வகைப் புற்றுகளைக் கொண்டது. பெருங்குடற் புற்றுக்கென்று எழுதப்பட்ட சட்டமாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எச்சரிக்கையாக வாசிக்க வேண்டிய இடமும் இதுவே. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவற்றில், கிண்ணத்தில் வளர்த்த கலங்களிலிருந்து எக்ஸோசோம்களைச் சேர்த்து, எலியின் நாளத்தில் ஏற்றுகிறார்கள். ஏற்றப்படும் அளவு, உண்மையான கட்டியொன்று நாள்தோறும் கசியவிடும் அளவைவிட அதிகமாக இருக்கலாம். நோயாளர்களின் மாதிரிகளில் அதே மைக்ரோ ஆர்.என்.ஏ. உயர்ந்திருப்பதை அருகில் வைத்துக் காட்டுவது சான்றைப் பலப்படுத்துகிறது. ஆனால் மனிதரில் இதுவே காரணம் என்று அது நிரூபிப்பதில்லை.

ஆறாம் படி: குருதியிலிருந்து எப்படிப் பிரித்தெடுக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தேயிலைத் தொழிற்சாலையான ஸ்டோரில் சல்லடை போடுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே இலையிலிருந்து வந்த தூளைக் கண் அளவு மாறும் சல்லடைகள் தரம் தரமாகப் பிரிக்கும். ஆய்வுகூடத்தில் சல்லடைக்குப் பதில் மையநீக்கி. முதலில் புவியீர்ப்பின் 300 மடங்கு விசையில் சுழற்றினால் கலங்கள் அடியில் படியும். 2,000 மடங்கில் இறந்த கலங்கள். 10,000 மடங்கில் கலச் சிதைவுகளும் பெரிய புடகங்களும். எஞ்சிய தெளிவை 100,000 மடங்கில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் சுழற்றியபின் குழாயின் அடியில் எக்ஸோசோம் படிவு கிடைக்கும். பல வேளைகளில் அது கண்ணுக்கே தெரியாது, குழாயின் எந்தப் பக்கம் படிந்திருக்கும் என்று முன்கூட்டியே பேனையால் அடையாளமிட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

சல்லடையில் தூளோடு தும்பும் வருவதுபோல, இங்கும் கலப்படம் வரும். குருதியிலுள்ள கொழுப்புப்புரதத் துணிக்கைகள் எக்ஸோசோம்களைவிட எண்ணிக்கையில் மிக மிக அதிகம், பருமனிலும் அடர்த்தியிலும் சில நெருங்கியவை. ஆகவே நல்ல ஆய்வு ஒரு முறையோடு நிற்காது: பருமன் அடிப்படையில் பிரிக்கும் நிரல் வழியாகவும் செலுத்தும், இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வடிவத்தைப் பார்க்கும், துணிக்கைகளின் எண்ணிக்கையை அளக்கும், சி.டி.63 போன்றவை இருப்பதையும், இருக்கக் கூடாத புரதங்கள் இல்லாததையும் காட்டும்.

இதைவிடத் தொல்லையானது, குருதி எடுத்த கணத்திலிருந்து தொடங்கும் மாற்றம். குருதிச் சிறுதட்டுகள் குழாய்க்குள்ளேயே தம் புடகங்களை வெளிவிடத் தொடங்கிவிடும்; உறையவிட்டால் அதிகமாகும், குலுக்கினாலும் அதிகமாகும். நுவரெலியாவில் எடுத்த மாதிரி ஒன்றை ரம்பொடை வளைவுகளில் இறக்கிக் கண்டிக்குக் கொண்டுபோவதை எண்ணிப் பாருங்கள். மேலே இருந்த குருதியும் கீழே போய்ச் சேர்ந்த குருதியும், எக்ஸோசோம் கணக்கில் ஒன்றாயிரா. பேராதனையில் படிக்கும் காலத்தில் வெறும் மையநீக்கியில் குழாய்களைச் சமநிலைப்படுத்தாமல் வைத்து அது மேசையில் நடனமாடிய அனுபவம் எனக்குண்டு. நுட்பமான கருவியைவிட ஒழுங்கான கை முக்கியம் என்று அன்று ஏச்சு வாங்கினேன்.

ஏழாம் படி: பரிசோதனை பற்றிய செய்தியை இப்படி வாசியுங்கள்

"ஒரு துளி இரத்தத்தில் எக்ஸோசோம் மூலம் புற்றுநோயைக் கண்டறியலாம்" என்று வரும் செய்திகளுக்கு அடிப்படை இல்லாமலில்லை. 2014இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், பெருங்குடற் புற்றுநோயாளரின் குருதி எக்ஸோசோம்களில் மைக்ரோ ஆர்.என்.ஏ-21, 23ஏ, 1246 உள்ளிட்ட ஏழு உயர்ந்திருப்பதையும், கட்டியை அகற்றியபின் அவை இறங்குவதையும் காட்டினார்கள். இறங்கியது என்பதுதான் அதில் எனக்குப் பிடித்த பகுதி. கட்டியே அவற்றின் ஊற்று என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ-21 வேறு பல புற்றுகளிலும் அழற்சியிலும் உயரும். அது உயர்ந்திருக்கிறது என்பது புகை தெரிகிறது என்பதற்குச் சமம். எந்த லயத்து அடுப்பென்று சொல்லாது.

இத்தகைய செய்தியைக் காணும்போது, எத்தனை பேரில் பார்த்தார்கள், ஆரம்பநிலை நோயாளரும் பொலிப் உள்ளவரும் அதில் இருந்தார்களா, வேறொரு நாட்டு ஆய்வுகூடம் அதே முடிவைப் பெற்றதா என்று தேடுங்கள். மூன்றாவது கேள்வியே கடினமானது. 2015இல் கணையப் புற்றைப் பற்றி, கிளைப்பிகன்-1 என்னும் புரதம் பதிந்த எக்ஸோசோம்கள் நோயை ஏறத்தாழப் பிழையின்றிக் காட்டும் என்று புகழ்பெற்ற சஞ்சிகையொன்றில் வந்தது. பின்னர் முயன்ற குழுக்களுக்கு அந்தத் துல்லியம் கிட்டவில்லை.

பெருங்குடற் புற்றுக்கு இன்று நடைமுறையிலுள்ள கருவிகள் பழையவை, ஆனால் சோதித்துத் தேறியவை: மலத்தில் மனித ஹீமோகுளோபினைத் தேடும் பரிசோதனை, கொலனோஸ்கோபி, பயோப்ஸி, சி.டி. ஸ்கேன். அமெரிக்க வழிகாட்டல் 2021இல் பரிசோதனை தொடங்கும் வயதை 50இலிருந்து 45ஆகக் குறைத்தது. சித்தப்பாவின் கிளினிக் கொப்பியில் மூன்று மாதத்துக்கொருமுறை எழுதப்படும் சி.ஈ.ஏ. என்னும் குருதிப் பரிசோதனை, 1965இல் ஃபில் கோல்டும் சாமுவேல் ஃப்ரீட்மனும் கண்டறிந்த புரதத்தை அளப்பது. அதுவும் மெக்கில் பல்கலைக்கழகத்தில்தான் நடந்தது. நோய் திரும்புகிறதா என்று கண்காணிக்க அது உதவும். முதன்முதலில் நோயைக் கண்டறிய உதவாது, புகை பிடிப்பவருக்கு நோயில்லாமலும் சற்றுக் கூடியிருக்கும். எக்ஸோசோம் பரிசோதனை எதுவும் இந்த வரிசையில் இன்னும் இடம்பிடிக்கவில்லை.

எட்டாம் படி: சிகிச்சை என்று யாராவது சொன்னால்

நேர்மையான முயற்சிகள் உண்டு. சீனாவில் 2008இல் வெளியான முதற்கட்ட ஆய்வொன்றில், முற்றிய பெருங்குடற் புற்றுநோயாளர் நாற்பது பேருக்கு, அவரவர் வயிற்று நீரிலிருந்தே பிரித்தெடுத்த எக்ஸோசோம்களை, சிலருக்கு ஜி.எம்.-சி.எஸ்.எஃப். என்னும் தூண்டியுடன் சேர்த்து, தடுப்பூசிபோல ஏற்றினார்கள். பாதுகாப்பாக இருந்தது, தூண்டியுடன் பெற்றவர்களில் புற்றுக்கெதிரான டி-கலங்கள் கிளர்ந்தன. முதற்கட்ட ஆய்வு பாதுகாப்பைக் கேட்கும் ஆய்வேயன்றி, குணமாகிறதா என்று கேட்பதன்று. எக்ஸோசோம் வெளியீட்டையே அடைக்கும் ஜி.டபிள்யூ.4869 போன்ற இரசாயனங்கள் ஆய்வுகூடத்தில் பயன்படுகின்றன; நலமான கலங்களும் துண்டு அனுப்பியே பிழைப்பதால், எல்லாத் தபாலையும் நிறுத்துவது மருந்தாகிவிடாது.

விளம்பரத்திலுள்ள ஊசி இவற்றில் எதுவுமன்று. நாளத்தில் ஏற்றப்படும் எக்ஸோசோம்களில் பெரும்பங்கு சில நிமிடங்களிலேயே ஈரலிலும் மண்ணீரலிலும் பெருந்தின்கலங்களால் விழுங்கப்படுகிறது என்பது எலிகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டது. ஈரலுக்குத்தான் பயப்பட வேண்டிய ஒருவருக்கு, என்ன எழுதியிருக்கிறதென்றே தெரியாத துண்டுகளை ஈரலுக்கு அனுப்புவது எவ்வளவு விபரீதம் என்பதை ஐந்தாம் படியை வாசித்தவர் உணர்வார். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019 டிசம்பரில், எக்ஸோசோம் ஊசி பெற்ற நோயாளர் சிலருக்குப் பாரதூரமான பாதிப்புகள் ஏற்பட்டதைக் கூறி, அத்தகைய எந்தப் பொருளுக்கும் தான் அங்கீகாரம் வழங்கவில்லை என்று பகிரங்க எச்சரிக்கை விடுத்தது.

எனவே கேட்க வேண்டியவை சில. இந்த எக்ஸோசோம்கள் எந்தக் கலத்திலிருந்து எடுக்கப்பட்டவை? ஒரு குப்பியில் எத்தனை துணிக்கைகள், எந்த முறையில் அளந்தீர்கள்? பதிவு செய்யப்பட்ட மருத்துவ ஆய்வா, ஆமெனில் பதிவிலக்கம் என்ன, நெறிமுறைக் குழுவின் அனுமதி எங்கே? ஆய்வென்றால் நோயாளியிடம் ஏன் பணம் வாங்குகிறீர்கள்? என் புற்றுநோய் வைத்தியருக்கு நீங்களே ஒரு கடிதம் எழுதித் தருவீர்களா?

சித்தப்பாவின் மகன் இவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, விளம்பரத்திலிருந்த இலக்கத்துக்கு என் முன்னாலேயே அழைத்தான். எதிர்முனையில் பேசியவர் முதற் கேள்விக்கு "ஸ்டெம் செல் சார்" என்றார். யாருடையது என்று கேட்டதற்கு, இந்த வாரம் பதிந்தால் விலைக்கழிவு உண்டென்றார். கடிதம் என்றதும், பெரிய டொக்டர் பிறகு அழைப்பார் என்று வைத்துவிட்டார். சித்தப்பா வாசற்படியில் உட்கார்ந்து கத்தி தீட்டிக்கொண்டே இவ்வளவையும் கேட்டிருந்தார். "துண்டு இல்லாம நான் எந்த ஆஸ்பத்திரிக்கும் போனதில்லடா" என்றார். அடுத்த சி.ஈ.ஏ.க்கு நாள் இருக்கிறதா என்று கிளினிக் கொப்பியை எடுத்துவரச் சொன்னார்; இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.